மதிலுக்கு வெளியே

கூரையில்லாத பழைய தேவாலயத்தைப் பார்க்க, அயர்லாந்துக் காட்டுப்பாதையில் நடந்து வந்திருந்தார்கள் தூத்துக்குடி நர்ஸ் பிரகாசியும் கணவர் சூசையும். வழிகாட்டி உள்ளே பிரபுக்களின் கல்லறைகளைக் காட்டினார். மதிலுக்கு வெளியே, மரத்தடியில் பெயரில்லாமல் கிடந்த சிறு கற்களைப் பற்றிப் பிரகாசிதான் கேட்டாள்.

"ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த குழந்தைகள். உள்ளே புதைக்க அந்தக் காலத்தில் அனுமதியில்லை" என்றார் அவர்.

"பெத்தவ அழுதுகிட்டு நிக்கையில, வெளிய போடுன்னு சொல்ல அவனுவ யாரு?" பிரகாசி தமிழில் கத்தினாள்.

"மெதுவாப் பேசு, எல்லாரும் பாக்காங்க" என்றார் சூசை.

"பாக்கட்டும்!"

ஈர மண்ணில் மண்டியிட்டு, ஒவ்வொரு கல்லாகத் தொட்டுப் பெயர் வைத்துக்கொண்டே போனாள். ஜெசிந்தா. இஞ்ஞாசி. கஸ்பார்.

கஸ்பார், பிறந்த அன்றே இறந்துபோன தங்கள் மகனுக்கு அவர்கள் யோசித்து வைத்திருந்த பெயர். சூசை அவளருகே மண்டியிட்டு அடுத்த கல்லைத் தொட்டார்.