ஒரு வாளி மேப்பிள் நாற்று

முல்லே இரண்டாம் முறையும் எழ முயன்று, முன்னங்கால்கள் நடுங்க விழுந்தது.

பக்கத்து வீட்டு கியர்ஸ்டனின் குட்டைக் குதிரை அது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற வினோதா கைகளை ஜாக்கெட் பைக்குள் விட்டாள், எடுத்தாள், மறுபடி விட்டாள்.

மிருக வைத்தியர் தூக்கிப் பிடித்த குவளையில் குதிரையின் சிறுநீர் கறுப்புக் கோப்பி நிறத்தில் இருந்தது. மேப்பிள் மரத்தின் நஞ்சு என்றார். விதையிலும் முளையிலும் இருக்கும், தசைகளையே சிதைத்துவிடும். எப்போது, எவ்வளவு தின்றதென்று தெரிந்தால் மருந்தேற்றிப் பார்க்கலாம். நாள்கணக்கில் தின்றிருந்தால், வலியில்லாமல் முடித்துவிடுவதே நல்லது.

கியர்ஸ்டனின் புல்வெளியில் மேப்பிளே இல்லை. நின்ற ஒன்றையும் இந்தப் பயத்தில் வெட்டிச் சாப்பாட்டு மேசையாக்கிவிட்டார்.

"வெளியிலிருந்து யாராவது ஏதும் கொடுத்தார்களா?"

"இல்லை," என்றார் கியர்ஸ்டன், உடனே.

வினோதாவின் பின்வளவில் பெரிய மேப்பிள் நிற்கிறது. இலையுதிர்காலத்தில் சிறகு வைத்த விதைகள் சுழன்று சுழன்று இறங்கும். ஏப்ரலில் புல்லுக்குள் ஆயிரம் முளை.

நேற்று வெள்ளிக்கிழமை. வெள்ளியில் பசுவுக்குப் பச்சை இலை கொடுப்பது ஊரிலிருந்தே அவள் விடாத வழக்கம். டென்மார்க்கின் இந்த விபோர்க்கில் அவள் வேலிக்கு அப்பால் நிற்பது குதிரைதான்.

"பசு கிடைக்காட்டிக் குதிரையோ? சாமியிட்டைக் கேட்டனீரோ?" என்று கணவன் கோணேசன் எத்தனையோ தரம் பகிடி பண்ணியிருக்கிறான்.

வழக்கமாகக் கரட் இலை கொடுப்பாள். நேற்று அது இல்லை. களை பிடுங்கிய வாளி நிறைய இளம்பச்சை இருந்தது.

இந்தத் தெருவில் ஆறு வருடமாக அவளைக் கோப்பிக்குக் கூப்பிடும் ஒரே ஆள் கியர்ஸ்டன். சொன்னால் அந்தக் கதவும் மூடிவிடும்.

வைத்தியர் பெட்டியைத் திறந்து நீளமான ஊசியை எடுத்தார்.

"நான்தான் குடுத்தனான்."

தமிழில் வந்துவிட்டது. பிறகு டேனிஷில் சொன்னாள்: நேற்றுக் காலை எட்டு மணிக்கு, ஒரு தரம், ஒரு வாளி மேப்பிள் நாற்று.

வைத்தியர் ஊசியை அப்படியே போட்டுவிட்டு, மருந்துப் பைகளை எடுத்துவர வண்டிக்கு ஓடினார்.

கியர்ஸ்டன் குதிரையின் கழுத்திலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"தெரியும்," என்றார். "ஒவ்வொரு வெள்ளியும் சன்னலால் பார்ப்பேன். நேற்று வாளியையும் பார்த்தேன். உன் கடவுளுக்கென்று நினைத்தேன். உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்கக் கூச்சமாயிருந்தது. இப்போதும் வைத்தியரிடம் சொல்ல வாய் வரவில்லை."