நாலு மணி மாத்திரை

நாலு மணிக்குப் போட வேண்டிய மாத்திரையை, அசந்து தூங்கிவிட்டதால், பூரணி டீச்சர் ஐந்து மணிக்குத்தான் விழுங்கினாள். அது வேலை செய்ய அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் பார்க்கின்சன் நோய் அவளைச் சமையலறை நடுவில் நிறுத்திவிட்டது. கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. மூன்றடி தள்ளி, காபிக்கு வைத்த பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. தீ போன பிறகும் காஸ் சீறிக்கொண்டே இருந்தது. நோய் வந்ததிலிருந்து அவளுக்கு எந்த வாடையும் தெரிவதில்லை. காதால்தான் பயந்தாள்.

மழை மூட்டத்தில் வீடு இருண்டுகொண்டு வந்தது. வாசல் கதவைத் திறந்து அவள் கணவர் ஞானவேல் உள்ளே வந்தார்.

“ஏன் பூரணி இருட்டுல நிக்கிற? லைட்டைப் போட வேண்டியதுதானே?”

வேண்டாம் என்று கத்தினாள். அறுபது பிள்ளைகளை அடக்கிய குரல் உதட்டைத் தாண்டவில்லை. முகத்திலும் ஒரு அசைவில்லை. அவர் சமையலறை வாசலில் இருந்த சுவிட்சுக்குக் கை நீட்டினார். அதில் ஒரு பொறி பறந்தால் போதும்.

நடக்க முடியாது. பேச முடியாது. ஆனால் விழ முடியும். போன மாதம் மட்டும் இரண்டு முறை விழுந்திருக்கிறாள். உடம்பை அப்படியே முன்னால் சாய விட்டாள். அடுப்பு மேடையின் விளிம்பு நெற்றியைக் கிழித்தது.

“ஐயோ, பூரணி!”

சுவிட்சை விட்டுவிட்டு ஓடி வந்தார். மண்டியிட்டு, குனிந்து, அவள் தலையை மடியில் ஏந்தினார். காற்றைவிடக் கனமான காஸ் தரையோரம்தான் படிந்திருந்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் கை சட்டென நின்றது. தலை மெல்ல அடுப்புப் பக்கம் திரும்பியது.