முந்தாத பஸ்

"ஒண்ணு, அந்த டிரைவரை என்னை முந்திப் போகச் சொல்லுங்க. இல்லைன்னா வேற ரூட்டுக்கு மாத்துங்க. ரெண்டுல ஒண்ணு தெரியாம நான் இங்கேருந்து நகர மாட்டேன் சார்!"

டிப்போ மேலாளரின் மேஜைமேல் சைக்கிள் ஹெல்மெட்டைத் தொப்பென்று வைத்தாள் அந்தப் பெண். கணுக்காலில் செயின் மசி கோடு போட்டிருந்தது. கோபத்தில் மூச்சு வாங்கியது.

மேலாளருக்குக் காலையிலிருந்தே தலைக்குமேல் வேலை. "உக்காருங்கம்மா. எந்த பஸ்?"

"ஏழாம் நம்பர். நான் வேலைக்குப் போறப்ப தினமும் என் பின்சக்கரத்தை மோந்து பார்த்துக்கிட்டே வருது. முந்தவும் மாட்டேங்குது, விடவும் மாட்டேங்குது. கொஞ்சம் நடுவுல போயிட்டா பாம் பாம்னு ஹார்ன்!"

"ரோடுன்னா அப்படித்தாம்மா. நீங்கதான் ஓரமா..."

"ஓரம் எங்க சார் இருக்கு?" என்று சீறினாள். "இத்தனை வருஷம் வேற ஊர்ல இருந்தேன். அங்க சைக்கிளுக்குன்னு தனிப் பாதை. இப்ப இங்கேயே திரும்பி வந்துட்டேன். நான் ஸ்கூலுக்குப் போனப்ப இந்த ரோட்டுல நடுவுல நாய் படுத்துத் தூங்கும். இப்ப எள்ளு போட்டா எள்ளு விழாது. வந்த புதுசுல பாதி தூரம் இறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போவேன். ஆனா பழகிட்டேன். பட்டுனு கதவைத் திறக்கிற கார், தோளை உரசிட்டுப் போற பைக், எல்லாத்துக்கும் பழகிட்டேன். ரவுண்டானாவுல கை காட்டி என் இடத்தைப் பிடிச்சுப் போறேன். இந்த பஸ்ஸுக்கு மட்டும் பழக முடியலை. முதுகுல மலை ஏறி உக்காந்த மாதிரி இருக்கு!"

"கொஞ்சம் லேட்டாக் கிளம்பிப் பாருங்களேன்."

"பார்த்தேனே! தெருமுனையில பஸ்ஸை நிறுத்திட்டு, இறங்கி டயரைத் தட்டிப் பார்த்துக்கிட்டு நிக்கிறார். உள்ளே ஜனங்க கத்துறாங்க. நான் தாண்டினதும் சாவகாசமா ஏறி உக்கார்றார்."

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏழாம் நம்பர் ஆமையாய் ஊர்கிறது என்று பயணிகள் போன் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுபவரோ டிப்போவே 'அம்பு' என்று அழைக்கும் மூத்த டிரைவர். வண்டியை ஒருநாளும் தாமதமாகக் கொண்டுவந்து நிறுத்தாதவர். அவருக்கு என்ன ஆயிற்று என்று குழம்பியிருந்த மேலாளருக்கு இப்போது விஷயம் விளங்கியது. காதுமடல் சூடேறியது. தலை நரைத்த ஆள் ஒரு பெண்ணைத் துரத்திக்கொண்டு திரிகிறானா?

"அம்புவை வரச் சொல்லு!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார்.

டிரைவர் வந்தார். அந்தப் பெண்ணைக் கண்டதும் நிலைப்படியில் கால் ஒரு கணம் நின்றது. பிறகு உள்ளே வந்து, சுவரில் இருந்த ரூட் படத்தின்மேல் கண்ணைப் பதித்துக்கொண்டார்.

வழக்கமாக அவரிடம் 'வாங்க, போங்க' என்று பேசும் மேலாளருக்கு அன்று மரியாதை வாயில் வரவில்லை. "இந்தம்மா பின்னாடி தினமும் போறியாமே?"

"போறேன் சார்."

"வெட்கமா இல்லை? உனக்கும் ஒரு பொண்ணு இருக்கில்ல?"

"இருக்கு சார்."

"அப்புறம் ஏன்யா இந்தக் கேடுகெட்ட வேலை?"

டிரைவர் ரூட் படத்திடமே பதில் சொன்னார். "நான் முந்திட்டா எனக்குப் பின்னாடி மணல் லாரிக்காரன் வர்றான் சார். அவன் முன்னாடி சைக்கிள் போகுதேன்னு பார்த்தா ஓட்டுவான்? பாலத்துல ஒதுங்கக்கூட இடம் கிடையாது. நான் பின்னாடி நின்னா எவனும் உரச முடியாது. அதான்."

மேலாளரின் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஏறியது.

"அதை என்னைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க சார்!"

"ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டச் சொல்லுங்க சார். லொடலொடன்னு தொங்குது."

"அதையும் என்கிட்டதான் சொல்லணும்! நான் என்ன சுவத்துலயா இருக்கேன்?"

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லது செஞ்சாலும் சொல்லிட்டுச் செய்யணும்யா. இந்தம்மா பயந்துபோய் வந்திருக்காங்க. பஸ்ல இருக்கிறவங்க ஆபீசுக்கு லேட்டாப் போய்த் திட்டு வாங்குறாங்க. திரும்பி நின்னு, முகத்தைப் பார்த்து, 'தப்புதாம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. இதோட விட்டுடறேன்."

"சொல்ல மாட்டேன் சார்."

"என்னது?"

"பேச மாட்டேன் சார். வேற என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க."

இத்தனை பிடிவாதத்தை மேலாளர் எதிர்பார்க்கவில்லை. இறங்கிய கோபம் மறுபடி விறுவிறுவென்று ஏற, மேஜையை ஓங்கி அறைந்தார். "போனாப் போகுதுன்னு பார்த்தா ரொம்பத்தான் திமிர்! அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்த ஆளை இப்பவே சஸ்பெண்ட் பண்ணி வீட்டுக்கு அனுப்பிடறேன்!"

டிரைவர் அசையவில்லை. பார்வை மட்டும் படத்திலிருந்து நழுவித் தரைக்கு இறங்கியது.

அந்தப் பெண் ஹெல்மெட்டை எடுத்தாள். அதுவரை கத்திக்கொண்டிருந்த குரல் சட்டென்று உடைந்தது.

"வீட்டுக்கு அனுப்பினா மட்டும் பேசிடுவாரா சார்? புருஷனை விட்டுட்டு வந்த நாள்லேருந்து அப்பா என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. நீங்க கேட்டாலாவது பதில் சொல்லித்தானே ஆகணும்னு இங்க வந்தேன்."