ஜெயிக்காத ஆள் தேவை

லீக்கில் கடைசி இடத்துக்கு வரும் டீம்தான் அடுத்த வருடம் நல்ல ஆட்டக்காரனை முதலில் பொறுக்கலாம். ஆனால் வேண்டுமென்றே தோற்றால், முழு மூச்சாய் ஆடுகிறார்களா என்று அளக்க ஆட்டக்காரர் நெஞ்சில் ஒட்டியிருக்கும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எங்கள் ஊர் டீம்காரர்கள் உயிரைக் கொடுத்து ஆடியும் தோற்கிறவர்களாகத் தேடிப் பிடித்தார்கள். அப்படித்தான் என் மகன் ரொசாரியோவைக் கூடைப்பந்து டீமில் எடுத்தார்கள். அவன் ஆட்டத்தைப் பார்த்திருந்த எனக்கு அன்றைக்கே சந்தேகம். அவனோ தெருவெல்லாம் லட்டு கொடுத்தான்.

அந்தப் பயல் விடியுமுன் எழுந்து மைதானத்திலேயே கிடையாய்க் கிடந்து பயிற்சி செய்தான். போன ஞாயிறு கடைசி நிமிடத்தில் பந்தைக் கூடையில் போட்டு டீமை ஜெயிக்க வைத்துவிட்டான். மறுநாளே கோச் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி நல்லாத் தேறிட்டாப்ல, அண்ணாச்சி. இனி எங்களுக்கு ஆகாது."

"அப்போ வேற டீம்ல சேத்துவிடும்."

"எங்க டீம்ல ஆடுனவன எவன் எடுப்பான்? நாங்க எப்படி ஆள் எடுக்கோம்னு எல்லாருக்கும் தெரியும்லா."

ரொசாரியோ என் முகத்தைப் பார்த்தான்.

"நான் என்னப்பா தப்பு பண்ணுனேன்?"

"ஜெயிச்சிட்டல்லா," என்றேன். "டீம் சட்டையக் கழத்திக் குடுல. அடுத்துத் தோக்க வாறவனுக்கு வேணும்."