டைக்காரர் செய்த வேலை

"அண்ணே, அந்த டைக்காரர் இன்னிக்கு என்ன பண்ணினார்?"

"பார்த்தார்."

"நேத்து?"

"நேத்தும் பார்த்தார். நடுநடுவே எழுதிக்கிட்டார்."

கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த தங்கை சிரித்தாள்.

சோப்புத் தொழிற்சாலையில் அண்ணன் போர்மேன், அவள் பேக்கிங். சோப்பு காய்வது மாடியில், பேக்கிங் கீழே. தட்டோடு இறங்கும்போதுதான் வழுக்கி விழுந்தாள். கட்டைப் பிரித்ததும் மறுபடி அதே படிக்குத்தான் போக வேண்டும்.

காய வைக்கிற அறையைக் கீழே கொண்டுவரச் சொல்லி மூன்று வருஷமாக முதலாளியிடம் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தியாயிற்று. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது நிர்வாக ஆலோசகர் என்று வெளியிலிருந்து கழுத்தில் டை கட்டிய ஒருவரை வரவழைத்திருக்கிறார். அந்த ஆள் அப்படி என்னதான் செய்கிறார் என்று போர்மேனுக்கு மண்டையைக் குடைந்தது. இருந்தாலும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அறை விஷயத்தையும் சொல்லிவைத்தார்.

வெள்ளிக்கிழமை கூட்டம். ஆலோசகர் திரையில் படம் போட்டுக் காட்டினார்.

"காய வைக்கிற அறை கீழே வரணும்."

முதலாளிக்கு முகமெல்லாம் பல்.

"பார்த்தீங்களா? விஷயம் தெரிஞ்சவங்க சொன்னா அது தனிதான். நாளைக்கே மாத்திடுங்க."

தங்கைக்கு இனிப் படி இல்லை என்று நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் போர்மேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டம் முடிந்ததும் ஆலோசகரை வாசலில் மடக்கினார்.

"சார், நான் சொன்னதை அப்படியே ஒப்பிச்சீங்க. ஒரு வார்த்தை என் பேரைச் சொல்லலை. இத்தனை நாளா நீங்க என்ன வேலைதான் செஞ்சீங்க?"

ஆலோசகர் கோபப்படவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். செவ்வாய்க்கிழமை தேதி போட்ட அறிக்கை. அறையைக் கீழே மாற்றுவது போர்மேனின் யோசனை என்று முதல் வரியிலேயே அச்சாகியிருந்தது. அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் முதலாளியின் கையெழுத்து: 'அவனுக்கு என்ன தெரியும்? வேண்டாம்.'



"நேத்து இதையே திரும்பக் கொடுத்தேன்" என்றார் ஆலோசகர். "உங்க பேரை மட்டும் எடுத்துட்டேன் சார். நான் இங்க செஞ்ச வேலை அது ஒண்ணுதான்."