குறுக்கே நடந்தவன்

பூதலூர்ப் பக்கம் வயல்களை மட்டமாக்கிக் கட்டிய கோல்ஃப் கிளப்புக்கு ஃபஹத்தை அவன் நண்பன் பரிதி கூட்டிப் போனான். மேட்டூர் அணை இன்னும் திறக்கவில்லை. காய்ந்த புல் காலடியில் சரசரத்தது.

பந்து நேர் எதிரே கிடந்தது. பரிதியோ ஒற்றையடிப் பாதையில் போவதுபோல் நடந்து, ஒன்றுமில்லாத இடத்தில் திரும்பிச் சுற்றிப் போனான்.

"ஏன்டா சுத்துற?"

"இங்க எல்லாரும் இப்படித்தான் போவாங்க. பின்னாடியே வா."

ஃபஹத் சிரித்துவிட்டுக் குறுக்கே நடந்தான்.

ஆட்டம் முடிந்து கிளப் வாசலுக்கு வந்தபோது பரிதியின் ஷூவில் தூசி மட்டும் இருந்தது. ஃபஹத்துக்கு முழங்கால்வரை ஈரச் சேறு.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த தங்கம்மாள் நிமிர்ந்தாள். "வரப்பு மேல வந்திருக்கலாமேங்க. நேத்துதான் நட்டோம்."

அவன் ஷூ நாடாவில் சிக்கியிருந்த நாற்றை எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, காய்ந்த புல்லில் கால் வைத்தாள். கால் முழங்கால்வரை உள்ளே போனது.