உயிலில் ப்ரைமஸின் பெயர்

மைக்கூட்டைக் கவிழ்த்தது ப்ரைமஸ்தான். செத்துப்போன அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, கோர்ட்டு குமாஸ்தாவுக்கு முன்னால் மரியாதையாகக் குனிந்தான். ஒரு சாண் நீளமாகத் தொங்கிய கோட்டுக் கை, மையைத் தட்டி உயிலின் மேல் ஊற்றியது.

சொத்து வாங்க வந்த இடத்தில் சொத்தையே அழித்தவன் சார்ல்ஸ்டன் ஊரிலேயே தான் ஒருவன்தான் என்று நொந்துகொண்டான்.

குமாஸ்தா தாளை ஒற்றி எடுத்தார். "பயப்படாத. உன் பேரு இருக்கிற வரி தப்பிச்சிருச்சு."

ப்ரைமஸுக்கு எழுத்து தெரியாது. இருந்தாலும் அந்த வரி இருக்கும் திசையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து வைத்தான்.

பக்கத்தில் லெமுவேல், சிற்றன்னை மகன். மூன்று மாதமாக, "பங்கு கேக்க நீ யாரு?" என்று குதித்தவன். காலையில் உயிலைப் படித்ததிலிருந்து தரையைப் பார்த்தபடி இருந்தான்.

"அண்ணே, அதைப் படிக்க வேணாம். பட்டறையில பாதி உனக்கு. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"நேத்து வரைக்கும் நான் எவனோ. இன்னிக்கு அண்ணனா? பயந்துட்டியா தம்பி?"

ப்ரைமஸ் குமாஸ்தா பக்கம் திரும்பினான்.

"இவன் சுதந்திரமானவ வயித்துல பொறந்தவன் ஐயா, சும்மா கிடைச்சான். அப்பா இரும்படிச்ச காசுல முதல்ல அடிமைத்தனத்துல இருந்து தன்னை மீட்டாரு. அப்புறம் ஆறு வருஷம் சேத்து, ஏலத்துல நானூறு டாலருக்கு என்னை வாங்கினாரு. பெத்த பிள்ளை இல்லேன்னா எவன் அவ்வளவு குடுப்பான்?"

குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடிமைகளுக்கு விடுதலை வர்றதுக்கு ஏழு வருஷம் முந்தி எழுதின உயில் இது. பாதியை வாங்கிட்டுப் போயேம்ப்பா."

"பாதி கிடக்கட்டும் ஐயா. அப்பா என்னைப் பத்தி என்ன எழுதினாருன்னு காதால கேக்கணும். சுத்தி வளைக்காம படிங்க."

லெமுவேல் எழுந்து வெளியே போனான்.

குமாஸ்தா படித்தார்.

"பட்டறை, கோவேறு கழுதை ஒன்று, ப்ரைமஸ், மூன்றும் என் ஒரே மகன் லெமுவேலுக்கு."